சாதனைப் பட்டியலும் சரித்திரமும்

ஒரு சமூகத்தின் வரலாற்றைக் கௌரவிப்பதற்கென ஆண்டில் ஒரு மாதத்தை ஒதுக்குவது அச்சமூகத்துக்குச் செய்யும் மரியாதையா, அன்றி ஏனைய பதினொரு மாதங்களிலும் அதை மறந்திருப்பதற்குப் பெறும் அனுமதியா என்ற வினா ஐக்கிய அமெரிக்காவிலே பெப்ரவரிதோறும் எழுப்பப்படுகின்றது. வினா நியாயமானதே. ஆயினும் அதை எழுப்புவோரிற் பலர், அந்த மாதத்துக்கு வித்திட்ட மனிதரின் எழுத்தைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. படித்திருந்தால், இதனினும் கடுமையான வினாவொன்றை அவரே 1933ஆம் ஆண்டில் தமது வாசகர்முன் வைத்துவிட்டார் என்பதை அறிந்திருப்பர்.

அம்மனிதர் கார்ட்டர் வூட்சன். ‘நீக்ரோவின் பிழைபட்ட கல்வி’ எனத் தமிழிற் கூறத்தக்க சிறு நூலே அவ்வினாவைத் தாங்கி வந்தது. ‘நீக்ரோ’ என்ற சொல் அன்று அம்மக்களே தம்மைக் குறிக்க மரியாதையுடன் வழங்கிய சொல். இன்று அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டனர். பழைய பெயர்களில் மட்டும் அதை இருந்தவாறே எழுதுகிறோம்.

வூட்சனைப் பற்றிய புகழுரைகளுக்குக் குறைவில்லை. 1875இல் வேர்ஜீனியாவிலே, அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர்; மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தவர்; இருபதாவது வயதளவில் உயர்தரப் பாடசாலையுட் புகுந்து 1912இல் ஹார்வார்ட் பல்கலைக் கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஏழைச் சிறுவன் முயன்று முன்னேறிய கதையாக இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் சுரங்கத்திலே வேலைசெய்த நாட்களில், உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட முதிய தொழிலாளி ஒருவரின் வீட்டில் மற்றத் தொழிலாளர் மாலை வேளைகளிற் கூடுவர். வாசிக்கத் தெரியாத அந்த முதியவர் பத்திரிகைகளையும் நூல்களையும் வாங்கி வைத்திருந்தார். இளைஞரான வூட்சன் அவற்றை வாசித்துக் காட்டினார். கேட்டிருந்தோர் தாம் கண்ட போரைப் பற்றியும் தாம் அனுபவித்த அடிமை வாழ்வைப் பற்றியும் பேசினர். பின்னாளில் ஹார்வார்டின் விரிவுரை மண்டபங்களில் அவர் கேளாத சரித்திரம் அது. அவர் நிறுவிய கழகத்தின் மூலவேர் பல்கலைக் கழகத்திலன்று, அந்த வீட்டிலேயே இருந்தது என்பது எமது கருத்து.

கழகம் 1915 செப்டம்பர் 9ஆம் நாள் சிக்காகோ நகரிலே, வாலிபர் கிறிஸ்தவ சங்கக் கட்டடமொன்றிற் கூடிய விரல்விட்டு எண்ணத்தக்க சிலரால் ஆரம்பிக்கப்பட்டது. ‘நீக்ரோ வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் கழகம்’ என்பது அதன் பெயர். அதே 1915இலேதான் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற திரைப்படம் வெளிவந்து, வெள்ளை அங்கியணிந்து கறுப்பு மக்களைக் கொன்று திரிந்த கூட்டத்தாரை நாட்டின் இரட்சகராகக் காட்டி அமெரிக்கா எங்கும் ஓடியது. திரைப்படம் பாமரரை ஏமாற்றியது, படித்தோர் உண்மையறிந்திருந்தனர் என்று எண்ணுவதற்கில்லை. கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் டன்னிங் என்ற பேராசிரியரும் அவர் மாணாக்கரும், அடிமை முறை ஒழிந்தபின் தென் மாநிலங்களில் நிகழ்ந்த புனரமைப்புக் காலத்தைப் பற்றி இதே கதையை ஆராய்ச்சி நடையில் எழுதிவந்தனர். ஆளத் தகுதியற்றோர் கையில் ஆட்சி சிக்கிச் சீரழிந்த காலம் என்பதே அவர்களின் தீர்ப்பு. கொட்டகையிற் படமாக ஓடியதும் கலாசாலையிற் பாடமாக நடந்ததும் ஒன்றே. கறுப்பு மக்களின் வாக்குரிமையைப் பறித்ததற்கும், அவர்களைக் கும்பல் கும்பலாகக் கூடிக் கொன்றதற்கும் நியாயம் அங்கிருந்தே பிறந்தது. வரலாற்றைத் திருத்துவது புலமை விளையாட்டன்று, உயிர்ப் பிரச்சினை என்பதை வூட்சன் கண்டதில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரியிலே கழகத்தின் ஆய்விதழ் வெளிவந்தது. முதலிதழை அச்சிடுவதற்குத் தமது ஆயுட் காப்புறுதியின் மேல் 400 டொலர் கடன் பெற்றார் வூட்சன். சக உறுப்பினரைக் கேளாமலே அவர் இதைச் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கழகத்தின் கடிவாளத்தை இறுதிவரை தமது கையிலேயே வைத்திருந்த மனிதர் அவர்.

அவருடைய ஆராய்ச்சி முறையைக் காட்ட இரு நூல்களைக் குறிப்பிடுவோம். 1924இல் வெளிவந்த ஒன்று, 1830ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கிலிருந்து, அடிமைகளை உடைமையாக வைத்திருந்த சுதந்திர நீக்ரோக்களின் பெயர்களைத் திரட்டித் தருவது. இனப்பெருமை பேச வந்தவர் எவரும் மறைத்துவைக்க விரும்பும் உண்மை இது. வூட்சன் மறைக்கவில்லை. இவர்களிற் பலர் தம் மனைவியை, கணவனை, பிள்ளையை விலைக்கு வாங்கியவர்கள். விடுதலை செய்தால் மாநிலத்தை விட்டு வெளியேற்றும் சட்டங்கள் இருந்தபடியால், பத்திரத்தில் அடிமையாகவே வைத்திருந்தவர்கள். ஏட்டிலே ‘அடிமை உடைமையாளன்’ என்று பதிவாகியிருக்கும் ஒருவன், வீட்டிலே தன் மனைவியுடன் வாழ்ந்த சாதாரணக் குடும்பத்தவனாய் இருந்திருக்கிறான். இலாபத்துக்காகவே வைத்திருந்தோரும் உண்டு. இரண்டையும் அவர் சொன்னார். மற்றது 1926இல் வந்தது. 1800 முதல் 1860 வரை கறுப்பு மக்கள் எழுதிய கடிதங்களின் பெருந்தொகுப்பு அது. அவர்கள் எழுதவுமில்லை, சிந்திக்கவுமில்லை என்று சொல்லப்பட்ட காலத்திலே அவர்கள் தம் கைப்பட எழுதியவை. இலக்கிய மாணவனுக்கு இதனினும் பெரிய புதையல் வேறென்ன வேண்டும்?

இக்கடித நூல் வெளிவந்த அதே 1926இன் பெப்ரவரியிலேதான் நீக்ரோ வரலாற்று வாரமும் முதன்முதலாக அனுட்டிக்கப்பட்டது. லிங்கனின் பிறந்த நாளும், அடிமையாயிருந்து தப்பி அடிமை முறைக்கெதிராகப் போராடிய பிரெடெரிக் டக்ளஸ் தமது பிறந்த நாளாகக் கொண்டாடிய நாளும் இரண்டாம் வாரத்தில் அடுத்தடுத்து வருவதால் அவ்வாரம் தெரிவு செய்யப்பட்டது. கறுப்பு மக்கள் ஏற்கனவே கொண்டாடிவந்த நாட்கள் அவை. ஆண்டு முழுவதும் மாணவர் கற்றதை ஊரார் முன் எடுத்துக் காட்டும் நாட்களாகவே வூட்சன் இவ்வாரத்தைக் கருதினார். அறுவடை விழா என்று நாம் சொல்லலாம். விதைக்காதவனுக்கு அதில் இடமில்லை.

வாரம் பரவியது யாரால்? அரசினரால் அன்று, பல்கலைக் கழகங்களாலும் அன்று. தென் மாநிலங்களில், கறுப்புப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட வசதியற்ற பாடசாலைகளிலே குறைந்த சம்பளத்திற் படிப்பித்த ஆசிரியர்களால், பெரும்பாலும் ஆசிரியைகளால் அது பரவியது. அவர்கள் இதற்குத் தந்த விலை சிறிதன்று. 1925இலே ஒக்லஹோமா மாநிலத்து நகரொன்றில் வூட்சனின் பாடநூல் பயன்படுத்தப்படுவதை அறிந்த வெள்ளையர் கல்விச்சபை, புத்தகங்களைப் பறிமுதல் செய்து, அதிபரையும் பதவி விலகச் செய்தது. 1930களின் தொடக்கத்தில் லூசியானா மாநிலத்து ஆசிரியை ஒருவரைப் பற்றி அவரிடம் படித்த மாணவர் பிற்காலத்திற் கூறியது ஏட்டிலே பதிவாகியுள்ளது. கல்விப் பகுதியார் அனுப்பிய பாடக்குறிப்பு அவர் மேசைமேற் கிடக்கும். வூட்சனின் நூல் மடிமேல் இருக்கும். ஆசிரியை மடியிலிருப்பதைப் படிப்பிப்பார். அதிபர் வாயிலிலே தோன்றினால் கண்கள் மேசைக்கு மாறும். அதிபர் போனபின் மடிக்குத் திரும்பும்.

இத்தகையோரின் சிறு காசுகளாலேயே கழகம் பிழைத்தது. 1920களில் கார்னேகி, ரொக்பெல்லர் முதலிய பெருஞ்செல்வர்களின் நிதியங்கள் கழகத்துக்குப் பணம் கொடுத்தது உண்மை. 1930களின் தொடக்கத்தில் அப்பணம் நின்றது. கல்லூரியொன்றுடன் கழகத்தை இணைத்துவிடு என்ற வற்புறுத்தலை வூட்சன் ஏற்கவில்லை. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த காலம் அது. பணங்கொடுப்பவன் ஆராய்ச்சியின் முடிவையும் கூடவே கொடுத்துவிடுவான் என்பதை அவர் அறிந்திருந்தார். இந்த ஒரு மறுப்புக்காகவே, அவருடைய தன்னிச்சைப் போக்கை நாம் பெரும்பாலும் மன்னித்துவிடலாம்.

இனி நூலுக்கு வருவோம். ‘பிழைபட்ட கல்வி’ ஆவணங்களை அடுக்கிச் செல்லும் ஆய்வாளரின் நூலன்று. மேடையில் நின்று சொந்தச் சனங்களைக் கடிந்துரைப்பவரின் நூல். பத்திரிகைக் கட்டுரைகளும் சொற்பொழிவுகளும் அதன் மூலப்பொருள் ஆனபடியால், கூறியது கூறல் என்ற குற்றம் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. ஏளனம் சில இடங்களில் நியாயத்தை மிஞ்சிவிடுகிறது. கறுப்புப் போதகரையும் வழக்கறிஞரையும் வைத்தியரையும் அவர் தாக்கும்போது, அவர்களிடையே உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களும் இருந்தனர் என்ற எண்ணமே தோன்றாதவாறு தாக்குகிறார். இருந்தும் நூல் உயிருடன் இருக்கின்றது. காரணம், அது பிடித்திருக்கும் நோய் உண்மையான நோய்.

அடிமைப்பட்டவனைக் காவல் வைத்து ஆளவேண்டியதில்லை, அவன் எப்படிச் சிந்திக்கவேண்டும் என்பதைக் கற்பித்துவிட்டாற் போதும் என்பது நூலின் அடிநாதம். பாடசாலையிலே கறுப்புப் பிள்ளை கிரேக்கரையும் ரோமரையும் போற்றக் கற்கிறது. ஆபிரிக்காவைப் பற்றி ஒன்றும் கற்பதில்லை, அல்லது காட்டுமிராண்டி நாடு என்று கற்கிறது. தன் வீட்டார் பேசும் பேச்சை இகழக் கற்கிறது. உயர்கல்வி பெற்று வெளிவரும்போது, தன் மக்களிடமிருந்து விலகிச் செல்லவே கல்வி பெற்றவனாக வெளிவருகிறது. வியாபாரக் கல்வி பெற்ற கறுப்பு இளைஞன், நியூயோர்க்கின் பங்குச் சந்தையைப் பற்றிப் படித்திருக்கிறான். தன் தெருவிலே பனிக்கட்டி விற்பவனின் வரவு செலவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று வூட்சன் எள்ளுகிறார்.

நூலின் மிகச் சிறந்த பகுதி, எமது எண்ணத்தில், அமெரிக்காவைப் பற்றியதன்று. வூட்சன் 1903 முதல் சில ஆண்டுகள், அப்போதுதான் அமெரிக்காவின் கைக்கு வந்த பிலிப்பைன்ஸ் தீவுகளிலே ஆசிரியராயிருந்தார். பெரிய கலாசாலைகளிற் பயின்று வந்த அமெரிக்க ஆசிரியர்கள் அங்கு தோல்வியுற்றதையும், ஆசிரியப் பயிற்சி சிறிதுமற்ற காப்புறுதிக்காரர் ஒருவர் வெற்றி பெற்றதையும் அவர் சொல்கிறார். பிள்ளைகள் கண்டறியாத ஆப்பிள் மரத்தைப் பற்றிய பாட்டை அம்மனிதர் விட்டார். அவர்கள் முற்றத்தில் நின்ற லொம்போய் மரத்தைப் பாடவைத்தார். வாஷிங்டனை ஒருபுறம் வைத்துவிட்டு, ஸ்பானியர் சுட்டுக் கொன்ற ஹோசே ரிசாலைப் பற்றிப் பேசினார். பிள்ளைகளின் கண் திறந்தது. அந்நியராட்சிப் பாடசாலையை அனுபவித்த எந்த நாட்டினருக்கும் இப்பக்கங்களுக்கு உரை வேண்டியதில்லை. அமெரிக்கக் கறுப்பு மக்களும், சொந்த நாட்டிலேயே, குடியேற்ற நாட்டுப் பாடசாலையிலேதான் படிக்கின்றனர் என்பதை வூட்சன் வெளிப்படையாகச் சொல்லவில்லை. எனினும் அந்த உதாரணத்தை எடுத்தாண்ட விதம் அதைத்தான் சொல்கிறது.

எனினும் அவருடன் நாம் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. அது சிறிய இடமன்று.

கறுப்பு மக்கள் உலக நாகரிகத்துக்கு அளித்த பங்கை எடுத்துக் காட்டினால், வெள்ளையரின் இகழ்ச்சி நீங்கும், கறுப்பரின் தாழ்வெண்ணமும் நீங்கும் என்று வூட்சன் நம்பினார். வாரம் முழுவதிலும் இந்நம்பிக்கை பரந்திருந்தது. சுதந்திரப் போரில் முதலில் வீழ்ந்தோரில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ், பஞ்சாங்கம் கணித்த பெஞ்சமின் பானக்கர், கவிதை பாடிய பிலிஸ் வீட்லி என்று பெயர்கள் சுவரில் ஏறின. இவர்களை அறிவது நன்றே. இவர்களைக் காட்டி எதை நிரூபிக்கிறோம் என்பதே வினா. வீட்லி அடிமைப் பெண். 1773இல் அவருடைய கவிதை நூல் லண்டனில் அச்சேறியபோது, இவற்றை இவளே எழுதினாள் என்று பொஸ்டன் நகரப் பிரமுகர் பதினெண்மர் கையொப்பமிட்ட சான்றுரை அதன் முகப்பிற் சேர்க்கப்பட்டது. கையொப்பமிட்டோருள் மாநில ஆளுநரும் ஒருவர். இப்படியொரு அத்தாட்சி அந்நாளில் எந்த வெள்ளைக் கவிஞனிடமும் கேட்கப்படவில்லை. சாதனைப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அந்தச் சான்றுரையின் நீட்சியாகவே ஆகிவிடும் அபாயம் உண்டு: நாங்களும் மனிதர், இதோ அத்தாட்சி என்று நீதிபதியாய் அமர்ந்திருப்பவனிடம் நீட்டும் மனு. கவிதை எழுதாத, பஞ்சாங்கம் கணிக்காத, பருத்தி மட்டுமே பறித்த இலட்சக்கணக்கானோரின் உரிமை எந்தச் சான்றிலே தங்கியிருக்கிறது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் டுபோய்ஸ். ஹார்வார்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பர் அவர், இரண்டாமவர் வூட்சன். ‘பிழைபட்ட கல்வி’க்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1935இல், டுபோய்ஸ் கறுப்பு மக்களின் கண்கொண்டு புனரமைப்புக் காலத்தின் வரலாற்றைப் பெருநூலாக எழுதினார். அதிலே முன்னிற்போர் சாதனையாளரல்லர், தோட்டங்களில் உழைத்த அடிமைகள். உள்நாட்டுப் போரின்போது அவர்கள் தோட்டங்களைக் கைவிட்டு வடவரின் படைகளை நாடிச் சென்றதை ஒரு பொது வேலை நிறுத்தம் என்று அவர் பெயரிட்டார். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் என்பது அவர் மதிப்பு. இம்மக்களுக்கு விடுதலை கொடுக்கப்பட்டது என்பது ஒரு பார்வை; இவர்கள் தம் உழைப்பை விலக்கிக்கொண்டு போரின் முடிவைத் தீர்மானித்தனர் என்பது மறு பார்வை. இரண்டாவது பார்வையிலே எவரிடமும் சான்றிதழ் கேட்கவேண்டியதில்லை. இறுதி அத்தியாயத்திற் டுபோய்ஸ் பாடநூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, சரித்திரம் எவ்வாறு பிரசாரமாக்கப்பட்டது என்று காட்டினார். நாட்டின் முதன்மையான வரலாற்றிதழ் அன்று இந்நூலுக்கு மதிப்புரையே எழுதவில்லை.

வூட்சனை டுபோய்சுக்கு எதிரே நிறுத்தித் தோற்கடிப்பது எமது நோக்கமன்று. கழகத்தின் இதழ் இருபது ஆண்டுகளாய் ஆவணங்களைத் திரட்டியிராவிடில் அத்தகைய நூல்களுக்கு நிலமே இருந்திராது. வூட்சனே 1930இல் உதவியாளரான லொறென்சோ கிறீன் என்பவருடன் சேர்ந்து கறுப்புக் கூலியுழைப்பாளரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கடிதத் தொகுப்பைப் பற்றி முன்னரே சொன்னோம். பட்டியல்காரரும் ஆய்வாளரும் ஒரே மனிதருள் வாழ்ந்தனர். வாரம் என்ற வடிவம் பட்டியல்காரரையே முன்னே தள்ளியது. சுவரில் ஒட்டுவதற்குப் படம் வேண்டும், குடிசனக் கணக்கை ஒட்ட முடியாது.

ஆய்வாளரின் வழி எத்தகையது என்பதற்கு அடுத்த தலைமுறையிலிருந்து ஒரு சம்பவம். ஜோன் ஹோப் பிராங்க்ளின் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1939இல் வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்துக்குச் சென்றார். கட்டடம் கட்டியபோது கறுப்பர் ஒருவர் ஆராய்ச்சிக்கு வருவாரென எவரும் எண்ணவில்லை என்று பணிப்பாளர் கூறி, சில நாள் அவகாசம் கேட்டு, தனி அறையொன்றை ஆயத்தம் செய்தார். வெள்ளை ஊழியர் கறுப்பருக்கு ஏடு எடுத்துக் கொடுப்பது தகாதென்று, ஏட்டறையின் திறவுகோலையே அவரிடம் ஒப்படைத்தார். இரண்டு வாரங்களின் பின் வெள்ளை ஆராய்ச்சியாளர் முறையிட்டனர்: எமக்கில்லாத திறவுகோல் இவனுக்கா? இது பாரபட்சம் அல்லவா! திறவுகோல் திரும்பப் பெறப்பட்டது; ஊழியர் ஏடு எடுத்துக் கொடுக்கலாயினர். பின்னர் அவர் எழுதிய வரலாறு 1947இல் வெளிவந்து பல தலைமுறைகளுக்குப் பாடநூலாயிற்று.

வூட்சன் 1950 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில், தமது வீடாகவும் கழகத்தின் அலுவலகமாகவும் இருந்த ஒன்பதாந் தெருக் கட்டடத்திலேயே காலமானார். 1970இல் ஒஹையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக் கழகத்தில் கறுப்பு மாணவரும் ஆசிரியரும் வாரத்தை மாதமாக்கிக் கொண்டாடினர். 1976இல் கழகம் மாதத்தை ஏற்றது. அதே ஆண்டு ஜனாதிபதி போர்ட் அதைப் போற்றிச் செய்தி விடுத்தார். மடிமேல் மறைந்திருந்த நூல் வெள்ளை மாளிகையின் மேசைக்கு வந்துவிட்டது. இது வெற்றியே. அடக்குமுறையைப் பேசாமற் சாதனையை மட்டும் பேசச் சம்மதித்தால் எவரும் அதைக் கொண்டாடலாம் என்பதும், வெற்றி இவ்வளவு எளிதாய் விழுங்கப்பட்டதற்குக் காரணம் பட்டியலே என்பதும் எமது குற்றச்சாட்டு.

புளோரிடா மாநிலத்தைப் பாருங்கள். கறுப்பு மக்களின் வரலாற்றைப் பாடசாலைகளிற் கற்பிக்கவேண்டுமென 1994இலேயே அங்கு சட்டம் உண்டு. 2022இல் இன ஒடுக்குமுறையைப் பற்றி எவ்வாறு கற்பிக்கலாகாது என்பதற்கும் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2023 ஜனவரியில், உயர்தர மாணவர்க்கான ஆபிரிக்க அமெரிக்கக் கற்கை நெறி நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு யூலையில் வெளிவந்த பாடத்திட்டத்திலே, அடிமைகள் தாம் பெற்ற தொழிற்றிறன்களைச் சில வேளைகளில் தம் சொந்த நலனுக்குப் பயன்படுத்த முடிந்தது எனக் கற்பிக்கும்படி ஒரு வரி இடம்பெற்றது. அடிமை முறையே ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் போலும்! சாதனை என்ற சொல்லைச் சரித்திரத்திலிருந்து பிரித்தெடுத்தால், ஒடுக்கியவனும் அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வான். இவ்வரியை எழுதியோர் கறுப்பு வரலாற்றை மறுத்து எழுதவில்லை. பங்களிப்பு, திறமை, முன்னேற்றம் என்ற அதன் விழா மொழியைக் கையிலெடுத்தே எழுதினர். இதற்கு விடை அட்டக்ஸின் படத்தில் இல்லை. 1926இல் அச்சேறிய அக்கடிதங்களில் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியோர் பழைய எசமானருக்கும், பிரிக்கப்பட்ட உறவினருக்கும் எழுதியவை அங்கே உள்ளன. தம் தொழிற்றிறனால் யார் பயன்பெற்றனர் என்பதை அவர்கள் நன்கறிவர்.

வரலாற்று வாரம் தொடங்கி நூறாண்டு நிறையும் 2026ஆம் ஆண்டுக்கு, கறுப்பு வரலாற்று நினைவுகூரலின் நூற்றாண்டையே தனது ஆண்டுப் பொருளாகக் கழகம் அறிவித்தது. நினைவுகூரலையே ஆராய்ச்சிப் பொருளாக்குவது வூட்சனின் கழகத்துக்குத் தகும். அவ்வாராய்ச்சி, எத்தனை நகரங்களில் விழா நடந்தது என்ற கணக்கோடு நில்லாமல், ஒக்லஹோமாவிற் பறிக்கப்பட்ட புத்தகங்களையும், பதவியிழந்த அதிபரையும், தனி அறையில் வைக்கப்பட்ட ஆராய்ச்சியாளரையும் அதே நூற்றாண்டின் கணக்கிற் சேர்க்கிறதா என்பதையே நாம் பார்க்க விரும்புகிறோம்.